லீவே போடாத சடையன்

"கொத்தனார் சடையன் ஒருநாள்கூட லீவு போடலைன்னு உங்க சாப்ட்வேர் சொல்லுது. அப்புறம் ஏனுங்க என் சமையக்கட்டுச் செவுரு பூசாம நிக்குது?"

ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மஞ்சுளா டீச்சர் கேட்டார்.

திருச்செங்கோடு ரோட்டில் அவர் கட்டும் வீடு அது. ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. சமையலறையோ இன்னும் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

காண்ட்ராக்டர் மயில்சாமி அசரவில்லை.

"டீச்சருங்க, மனுசன் எழுதற கணக்குன்னா சந்தேகப்படலாம். இது முழுக்க ஆட்டோமேட்டிக். கேட்டுல இருக்கற கேமரா மூஞ்சியப் பாக்கும். ஆளு யாருன்னு கண்டுபுடிக்கும். வருகை, கூலி, பில்லு எல்லாம் அதுவே போட்டு உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பிரும். நடுவுல ஒருத்தரும் கை வெக்க முடியாது."

"ஞாயித்துக்கிழமையும் சடையன் வந்ததாப் போட்டிருக்குதுங்க."

"உழைப்பாளிங்க!"

"ராத்திரி ஓவர்டைம் வேற."

"அதான் சொன்னனுங்களே!"

"போன மாசத்துச் சிறந்த தொழிலாளியும் அவருதானாம். பாராட்டச் சொல்லி மெசேஜ் வந்துச்சு. சரி, நேர்லயே பாராட்டிரலாம்னு தேங்காய் பன்னு வாங்கிட்டு வந்திருக்கேன். கூப்பிடுங்க அவரை."

மயில்சாமி சூப்பர்வைசர் இளவழகனைப் பார்த்தார். இளவழகன் மணல் குவியலைப் பார்த்தான்.

"மாடியில இருப்பானுங்க" என்றார் மயில்சாமி.

டீச்சர் மாடி ஏறிப் பார்த்தார். இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

கீழே வந்து நின்றதும் விசுக்கென்று ஒரு காற்று அடித்தது. டீச்சரின் செல்போன் டிங் என்றது.

'சடையன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் வருகை பதிவாகிவிட்டது. பாதுகாப்புக்காக ஹெல்மெட் அணியவும்.'

டீச்சர் சட்டென்று கேட்டைப் பார்த்தார். ஒரு காக்காய்கூட இல்லை.

மறுபடி காற்று. மறுபடி டிங்.

'சடையன் வெளியேறினார்.'

டிங். 'சடையன் உள்ளே வந்தார்.'

டிங். 'சடையன் அடிக்கடி வெளியே சென்று வருகிறார். மேற்பார்வையாளர் கவனிக்கவும்.'

மேற்பார்வையாளர் இளவழகன் கவனித்தான். டீச்சரும் கவனித்தார். போர்ட்டிகோவில் கட்டித் தொங்கவிட்டிருந்த திருஷ்டி பொம்மை, காற்றில் சுழன்று சுழன்று கேமராவுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தது. முழி பிதுங்கிய கண், காது வரைக்கும் மீசை, நாலு விரற்கடை நாக்கு.

ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் சின்னாயி சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ சாமி! அந்த மீசை அச்சு அசலா சடையண்ணனேதானுங்க! நாக்கு மட்டுந்தான் சேத்தி!"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப, இத்தனை நாளா இந்தப் பொம்மைக்கா கூலி கட்டியிருக்கேன்?"

மயில்சாமி முகம் சிவந்தது. பாய்ந்து போய் இளவழகனின் முன்னால் நின்றார்.

"ஏன்டா, பொம்மைக்குச் சம்பளம் போட்டுட்டு இருந்திருக்கறயா?"

"பொம்மையக் கட்டுனதுதானுங்ண்ணா நானு. சம்பளம் போட்டது சாப்ட்வேருங்க."

"எதுத்தா பேசற? சடையன் எங்கயோ சுத்தறான், நீ மூடி மறைக்கற. ரெண்டு பேரும் கூட்டு! நாளையில இருந்து நீ வேலைக்கே வராத!"

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்! வாயத் தொறக்காத!"

இளவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. போன தையில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மயில்சாமி டீச்சர் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நாணயம் இல்லாத ஆளுகளை வெச்சுக்கிட்டு எப்படிங்க தொழில் பண்றது? இதுக்குப் பயந்துதான் டீச்சருங்க, நான் மெசினே வாங்குனேன். அதையும் ஏமாத்திப் போட்டானுங்களே!"

பொம்மை ஒரு சுற்று சுற்றியது. டிங். 'சடையன் உள்ளே வந்தார்.'

"அதை அவுத்து எறிங்கடா!" என்று கத்தினார் மயில்சாமி.

டீச்சருக்கு அதற்குள் கோபம் தணிந்து, இளவழகன் மேல் இரக்கம் வந்துவிட்டது. அந்தப் பையனைப் பார்த்தால் கூட்டுக் களவாணி மாதிரித் தெரியவில்லை.

"வேலைய விட்டு நிறுத்தறதுக்கு முன்னால சடையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

"அவன் போனே எடுக்கமாட்டானுங்க."

"போட்டுத்தான் பாக்கலாமே."

"எதுக்குங்க வெயில்ல நின்னுக்கிட்டு? பன்னைச் சாப்பிட்டுட்டு, நிழல்ல உக்காந்து சாவகாசமா..."

"இளவழகன், நீ போடு தம்பி. ஸ்பீக்கர்ல போடு."

"வேண்டாம்ங்க டீச்சர், எதுக்கு உங்களுக்குச் சிரமம்..." என்று மயில்சாமி கையை நீட்டினார்.

இளவழகன் செல்போனோடு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டான். முதலாளி வாயைத்தான் திறக்கக்கூடாது என்றார். ஒரு வார்த்தையும் பேசாமல் பட்டனை அழுத்தி, செல்போனை டீச்சர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

ரெண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது. முதலில் ஏகப்பட்ட கோழிகள் கொக்கரித்தன. அவற்றுக்கு மேலே சடையனின் குரல் கத்தியது.

"இளவழகா, முதலாளிகிட்டச் சொல்லீரு சாமி! அவரு கோழிப்பண்ணைச் செவுரு அத்தனையும் பூசி முடிச்சாச்சு, இனியாச்சும் என்னைய டீச்சரம்மா ஊட்டு வேலைக்கு உடுவாரான்னு கேளு!"