காலி டியூப்கள்

"டியூப் மட்டும் காலி, ரத்தத்துல மருந்தையே காணோம்! ஆறு வருஷ ஆராய்ச்சியில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" பெண்களுக்கு எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் ஜெல்லைச் சோதிக்கும் டாக்டரம்மாவின் குரல் தெருமுனைவரை கேட்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய மத்தியானம் அது. மேசைமேல் வெயிலில் டியூப்கள் பளபளக்க, மின்விசிறி கிறீச்சிடுகிறது. சோதனையில் சேர்ந்து ஜெல் வாங்கிப் போகும் தையற்காரியா சளைப்பவள்? "போட்டா வீட்டுக்காரர் 'எவன்கூட சுத்தறே'ம்பாரு. போடலைன்னா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. அதான் பாத்ரூம்ல பிதுக்கிட்டேன்க்கா!" டாக்டரம்மாவுக்குக் கோபம் இறங்கி வெட்கம் ஏறுகிறது. டியூப்களை எண்ணத் தெரிந்தவருக்கு, புருஷனைப் பற்றி விசாரிக்கத் தோன்றவில்லையே! நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "உட்காரு. அவருக்குத் தெரியாம போட, மருந்து எப்படி இருக்கணும்? நீ சொல்லு, நான் எழுதறேன்." தையற்காரி அடுத்த வருஷமே புருஷனை விட்டு, கூடப்பிறந்த அக்கா ஊருக்குக் குடிபோனாள். டாக்டரம்மா, அன்று ரத்தத்தில் மருந்து இல்லையென்று கண்டுபிடித்த பரிசோதனைக்காரரைக் கட்டிக்கொண்டார். சண்டை வந்தால், "அவளை மாதிரி மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாயிருக்கா?" என்று இன்றும் அவரிடம் கேட்கிறாராம்.