விற்றவர் முகவரி

வேட்டி பார்சலைப் பிரித்த கையோடு கமலாம்பாள் ஆன்லைன் கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போன் போட்டார்.

“விக்கிறவங்க பேரு, முகவரியைக் காட்டணும்னு விதி இருக்கு. உங்க ஆப்ல காணுமே சார்?”

“பணத்தைத் திருப்பித் தந்துடறோம், மேடம்.”

“பணம் வேணாம். முகவரி குடுங்க.”

“வேற வேட்டி அனுப்பட்டுங்களா?”

“முகவரி, சார்.”

மறுநாள் கணவர் வீரையனோடு நீடாமங்கலத்தில் ரயில் ஏறி, தஞ்சாவூரில் அந்த முகவரியைக் கண்டுபிடித்தார்.

கேஸ் வரலாம் என்று அதிகாரி போனில் சொல்லியிருந்ததால் பயந்துபோயிருந்த விற்பனையாளர் கலியமூர்த்தி வாசலுக்கே வந்து கும்பிட்டார். “கேஸெல்லாம் வேண்டாம்மா. வேட்டியில என்ன குறை?”

“குறையே இல்லீங்க. ஆப்ல போட்டிருக்கிற படத்துல அதைக் கட்டிக்கிட்டு நிக்கிற பையன் யாருங்க? எங்க பொண்ணுக்குக் கேக்கலாம்னு வந்தோம்.”

“எம் பையன்தாங்க” என்ற கலியமூர்த்தி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “தம்பி, நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வாப்பா.”