பத்தே நாளில்

இங்கிரிட் அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கு இந்த மலையில் கடவுள் கிடைத்தார்" என்றாள், ஆங்கிலத்தில்.

பக்கத்தில் நின்ற அருள்மணி பாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

புதூர்நாட்டுக்கு மேலே, தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

நார்வேயிலிருந்து ஊழியத்துக்கு வந்த குழுவில் ஒருத்தி இங்கிரிட். அவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். சாமைச் சோறு சாப்பிட்டார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தார்கள். மத்தியானம் ஜீப் வந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

மொத்தம் பத்து நாள். பத்தே நாள்!

அருள்மணி செங்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. பாதை இல்லாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்றார்.

சொந்த மகள் ஆனந்திக்குக் காய்ச்சல் கண்டபோது ஜீப் கிடைக்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்து மலையிறங்கும்போது, பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, ஒன்பது வயதுப் பிள்ளை அவர் மடியிலேயே அடங்கிப்போனது.

அது ஆறு வருஷத்துக்கு முந்தி.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை, ஒரு குரலும் கேட்கவில்லை. வாரா வாரம் பிரசங்கம் மட்டும் நின்றபாடில்லை.

இந்த அம்மாளுக்கு மட்டும் நாலு சட்டி மணல் சுமப்பதற்குள் கிடைத்துவிட்டதாம். தினமும் வெந்நீர் வைத்துக் குளித்துக்கொண்டு, கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டு!

ரத்தம் தலைக்கேறியது அவருக்கு. 'எனக்கு ஏன் இல்லை' என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னால் கத்திவிடுவோமோ என்று பயந்தார். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இங்கிரிட் விடாமல் சாட்சி சொல்லிக்கொண்டே போனாள். கணவர் இறந்து மூன்று வருஷமாக அவள் ஜெபித்ததே இல்லை. தங்கை பிடித்து இழுத்ததால்தான் இந்தப் பயணத்துக்கே வந்தாள். அருள்மணி வேண்டாவெறுப்பாக, வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தார்.

"நாலாவது நாள் விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன். சும்மா நடந்து போனேன். அந்தப் புளியந்தோப்புக்குள் ஒருவர் தனியாக நின்று கடவுளோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று நான் சொல்லமாட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. ஆனால், எதிரில் ஆள் இல்லாமல் யாராலும் அப்படிப் பேச முடியாது. மறுநாளும் போனேன். அவர் இருந்தார். அன்றைக்குத்தான் நானும் வாயைத் திறந்தேன்."

அருள்மணியிடமிருந்து தமிழ் வரவில்லை.

முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெள்ளையம்மாள்தான் கேட்டாள்.

"இன்னாங்க, அப்பிடியே நின்னுட்டீங்க? அந்தம்மா இன்னா சொல்றாங்க?"

இங்கிரிட்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதோடு வேறு என்னவோ சேர்ந்துகொண்டது. அவர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார்.

"தோப்புல யாரோ ஒருத்தர் ஜெபம் பண்ணத கேட்டாங்களாம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

அந்தத் தோப்பில்தான் ஆனந்தியைப் புதைத்திருக்கிறது. விடிவதற்கு முன்னால் அங்கே போய் நின்று அருள்மணி கடவுளைத் திட்டுவார். பெயரைச் சொல்லி, காறித் துப்பி, பெண்டு பிள்ளைகள் காதில் விழக்கூடாத வசவுகளால் திட்டுவார். 'கொலைகாரா, பதில் சொல்லுடா' என்று மண்ணை வாரி மேலே எறிவார். வெள்ளையம்மாளுக்குக்கூட அது தெரியாது.

மழையோ பனியோ, இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் போகாமல் இருந்ததில்லை.