கம்பி சுற்றிய கிளை

பால்கனியில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. தட்டையான மண்தொட்டிக்குள் முழங்கை உயரத்துக்கு ஒரு குட்டி அத்திமரம், போன்சாய். குளிர்காலத்தில் அதன் கிளையொன்றைத் தாழ வளைத்து, அலுமினியக் கம்பி சுற்றிவிட்ட அவள் கணவர் இப்போது இல்லை. "பல்லுக்குக் கம்பி போடற மாதிரிதான், பயப்படாதே" என்று மரத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேதான் சுற்றினார். தளிர் விட்டதுமே கழற்றியிருக்க வேண்டும். அவர் கைபட்ட கம்பியை யாரும் தொடக்கூடாது என்று அவள் வீம்பாக இருந்துவிட்டாள். மரத்துக்கு என்ன தெரியும் துக்கம்? கோடை வந்தது, கிளை பருத்தது, கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. "இன்னும் விட்டா கிளையே செத்துடும்மா" என்று மகள் கட்டிங் பிளேயரை நீட்டுகிறாள். "எடுத்தா உங்கப்பா வளைச்சது நிமிர்ந்துடுமேடி." மகள் பிளேயரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தொட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். சுற்றைப் பிரித்தால் பட்டையும் சேர்ந்து உரியும் என்பதால், கம்பியைத் துண்டு துண்டாகத்தான் நறுக்க வேண்டும். டிக். ஒரு துண்டு தட்டில் விழுகிறது. டிக். கம்பி இருந்த இடமெல்லாம் வெளிறிய பள்ளம். கிளை எழும்பினால் அழுத்திப் பிடிக்க, அம்மா இடதுகை விரலை அதன்மேல் வைத்திருக்கிறாள். கடைசித் துண்டும் விழுந்தபின் விரலை எடுக்க மனம் வரவில்லை. "விடும்மா." மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறாள். கிளை அசையவில்லை. அவர் வைத்த இடத்திலேயே நிற்கிறது.