லீவு இல்லாதவள்

"உன் லீவுக்காக உங்கம்மாவையே பலி கொடுத்துட்டியேம்மா!"

ஆஸ்பத்திரி வராந்தா என்பதால் மாமா குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனாலும் எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை மடக்கிப் பிடித்த பழக்கம் லேசில் போய்விடுமா?

அக்கா மகள் மடியில் இருந்த ஸ்கேன் கவரின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற விரல்கள், சும்மா இருக்காது.

"டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டவ மாதிரி முழிக்காத. பதில் சொல்லு!"

நாலு வருஷம் முன்பு அக்காவுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று. ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. "ஆழமாப் போகலை. கரண்ட், அதான் ரேடியேஷன், வெச்சுக்கறதும் விடறதும் உங்க விருப்பம்" என்றார் டாக்டர்.

வைத்துவிடலாம் என்று உறவு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. இவள்தான் குறுக்கே நின்றாள். "வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன் மாமா. புது வேலை. தினமும் கூட்டிட்டு வர எனக்கு லீவு கிடையாது."

அன்றிலிருந்து மாமாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அக்காவின் மனசு நோகக்கூடாது என்று அவள் காதில் மட்டும் விழாமல், வீடு வீடாகப் போய் 'லீவு இல்லாதவ' என்று பட்டம் கட்டிவிட்டார்.

இப்போது நோய் திரும்பி வந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா ஏற்கெனவே டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்காலியிலும் ஸ்டியரிங் முன் இருப்பது போலத்தான் நிமிர்ந்து உட்காருவாள்.

"திரும்பி வந்துட்டாலே எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்லம்மா" என்றார் டாக்டர். "எப்ப வந்துது, எங்க வந்துது, முன்னாடி என்ன வைத்தியம் பார்த்தோம், எல்லாம் சேர்ந்துதான் முடிவு. உங்களுக்கு இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கு. சீக்கிரம் வர்றதைவிட அது மேல். நுரையீரல், ஈரல், வேற எங்கயும் போகலை. கர்ப்பப்பையை எடுத்துத் தைச்ச இடத்துல மட்டும், சின்னதா. அணுக்களும் முரட்டு ரகமில்ல."

"ஒரு சொட்டு ரத்தம் பட்டதுமே ஓடி வந்துட்டேன் டாக்டர். வண்டியில புதுசா ஒரு சத்தம் கேட்டா நான் அடுத்த டிரிப் எடுக்க மாட்டேன்."

டாக்டர் சிரித்தார். "இன்னொண்ணு. நீங்க இதுவரைக்கும் கரண்டே வெச்சுக்கலை. அன்னைக்கு வெச்சிருந்தா வராமலே போயிருக்கலாம், அதை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வெச்ச பிறகு வந்திருந்தா, அதே இடத்துல மறுபடி முழுசா வைக்கிறது கஷ்டம். இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா குணப்படுத்தணும்னுதான் ஆரம்பிக்கிறேன்."

அக்காவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை மாமாவுக்குப் பிடிபடவில்லை.

கரண்ட் வைக்க வேண்டிய இடத்தை அளவெடுக்கும் அறைக்கு அக்காவை அழைத்துப் போனார்கள். வராந்தாவுக்கு வந்த மாமா வேறு ஆளாக இருந்தார். போன் காதில் ஏறிவிட்டது.

"பெரியக்கா, பயப்படாத! நம்ம பொண்ணு அன்னைக்குக் கரண்ட் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னா பாரு, அதுதான் இப்ப கைகொடுக்குது. எனக்கு அப்பவே தெரியும், அவ விவரமானவன்னு. யாரோட அக்கா மக!"

போனை அவளிடம் நீட்டினார். "இந்தா, பெரியம்மா உன்னைப் பாராட்டணுமாம்."

அவள் வாங்கிக்கொண்டாள். "பெரியம்மா, அந்த முடிவு என்னுது இல்ல. அம்மாவோடது. 'டாக்டர் கட்டாயம்னு சொல்லலை, நான் என் வண்டியையும் பிள்ளைங்களையும் பார்க்கப் போறேன்'னு அம்மாதான் சொன்னாங்க. வெக்கறேன், அப்புறம் பேசறேன்."

மாமா திகைத்தார். "அப்ப... லீவு?"

"எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோன்னு முதலாளி அப்பவே சொன்னார் மாமா."

"அட பாவி மகளே! நாலு வருஷமா நான் பேசாத பேச்சில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மாவோட முடிவுன்னு தெரிஞ்சிருந்தா நீங்க எல்லாரும் அவங்களைச் சும்மா விட்டிருப்பீங்களா? அப்ப தையல்கூடப் பிரிக்காத உடம்பு. யாராவது பேச்சு வாங்கித்தானே ஆகணும்."

மாமாவின் கண் கரித்தது. அவமானமா, பெருமையா? இரண்டும்தான், ஆனால் பெருமையே முந்திக்கொண்டு நின்றது.

வராந்தாக் கோடியில் அக்கா வந்துகொண்டிருந்தாள், தோளில் பை, பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற அதே நடை. மாமா தடுமாறி எழுந்தார்.

"அக்கா... இத்தனை நாளா உன் பொண்ணை நான்..."

அக்கா மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவங்க எடுத்த முடிவு இப்ப கைகொடுக்குதுன்னு அம்மாகிட்ட நல்லா உரக்கச் சொல்லுங்க மாமா. நீங்க திட்டினது மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்."