ஜீப்பு பார்க்க வந்தவர்

வெள்ளைச் சட்டை அழுக்காகுமே என்ற கவலைகூட இல்லாமல் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் முனியசாமி. "சேசிஸ்ல துரு இருக்கே தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

'வந்துட்டான்யா, போன்ல வீடியோ பாத்துட்டு!' என்று வாய்க்குள் திட்டினான் அருள்பாண்டி. ஜீப்பு அவனுடையது. எஞ்சின் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் இதை எவன் தலையிலாவது கட்டாவிட்டால் மகள் முத்துப்பிரியாவின் நர்சிங் சீட்டு போய்விடும்.

"மலையில ஓடுன வண்டி துருப்பிடிக்காம தங்கமாவா இருக்கும்? வெரசாப் பாருங்கண்ணே, சோலி கெடக்கு."

முனியசாமி விடுவதாயில்லை. ஆர்.சி. புக்கை வாங்கி எஞ்சின் நம்பரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். டயரை நகத்தால் கீறினார். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தபோது அருள்பாண்டி அவசரமாக மழையைப் பற்றிப் பேச்செடுத்தான். நல்லவேளை, அப்படியே மூடிவிட்டார்.

இத்தனை நோண்டியவர், விலை என்ன என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியான இளிச்சவாயன், சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போவான் என்று அருள்பாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரை ஏய்க்கிறவனுக்கு இளக்காரத்தைப் பாருங்கள்!

"நாலு சக்கரமும் இழுக்குதான்னு பாக்கணுமே தம்பி. வெறும் வண்டி எப்பிடினாலும் ஏறிரும். லோடோட ஏறணும்ல?"

"ஏத்துங்க! யானையை வேணாலும் ஏத்துங்க!"

"யானைக்கு எங்க போக? மலையடிவாரத்துல, குரங்கணியில என் வேப்பம்புண்ணாக்கு மூடை கெடக்கு. ஒரு பதினஞ்சைப் போட்டு, மேல நம்ம ஏலத்தோட்டம் வரைக்கும் ஓட்டிப் பாப்பமே."

போனார்கள். குரங்கணிக்கு மேலே பாதையா அது, பாதிக்கு மேல் பாறை. அருள்பாண்டி முன்வீல் கியரைத் தட்டி, தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டு, ஜீப்பை ஏற்றினான். டீசலும் அவன் காசுதான். எஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, ஆனால் நிற்கவில்லை.

பக்கத்தில் முனியசாமி தலையை ஆட்டி ஆட்டி, "இழுக்குது தம்பி, நல்லாவே இழுக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாட்டிக்கிட்டான்டா மடையன் என்று அருள்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

தோட்டத்தில் மூடைகளை இறக்கச் சொன்னார். "எறக்கத்துல வெறும் வண்டிக்குப் பிரேக்கு எப்பிடிப் பிடிக்குதுன்னும் பாக்கணும்ல."

இறக்க ஆள் இல்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்று பதினைந்தையும் அருள்பாண்டியே முதுகில் சுமந்து ஷெட்டில் அடுக்கினான். வேர்வையை வழித்துக்கொண்டு, "அப்ப விலையைப் பேசிருவமாண்ணே?" என்றான்.

முனியசாமி வாயைத் திறப்பதற்குள், மேலே வீட்டு வாசலிலிருந்து அவர் பெண்சாதி பொன்னுமணி சத்தம் கொடுத்தாள். ஜீப்புக்குப் பின்னால் நின்ற அருள்பாண்டி அவள் கண்ணில் படவில்லை.

"கீழ இன்னும் இருபது மூடை கெடக்கே, அடுத்த வாரம் யாரு ஜீப்பைப் பாக்கப் போறீக?"