தொடாத புறங்கை

எல்லைப் போராட்டம் கொதிக்கும் ஐம்பத்துநான்காம் வருடம். பாறசாலைச் சந்தையின் டீக்கடை மேசையில் உச்சிவெயில் விழ, சுமைகாரர்கள் ஈசாக்கும் மோகனனும் முழங்கை ஊன்றிக் கைகோத்துப் பலம் பார்க்கிறார்கள். ஈசாக் தோற்றால், தமிழகத்தோடு சேரவேண்டும் என்று தான் சுவரில் ஒட்டிய நோட்டீசை அவனே கிழிக்க வேண்டும். அவன் புறங்கைக்கும் பலகைக்கும் ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம். கழுத்து நரம்பு புடைக்கிறது. “தோத்தாச்சு, விட்டுரு,” என்கிறான் மோகனன். “பலகையில தொடணும் ஆக்கும். தொட்டுதா?” என்கிறான் ஈசாக். நடுவராக நிற்கும் வேலாயுதன், மோகனனின் சொந்த அண்ணன், குனிந்து பார்க்கிறார். “தொடல்ல.” ஆத்திரத்தில் மோகனன் எம்பி அமுக்க, அவன் முழங்கை மேசையைவிட்டு எழுகிறது. “எலே, முட்டு பொங்கிச்சு. தோத்தது நீயாக்கும்,” என்கிறார் அண்ணன். ஈசாக் கையை உதறி மறுபடி ஊன்றுகிறான். “இப்பிடி ஒரு ஜெயம் எனக்கு வேண்டாம் அண்ணே. முதல்ல இருந்து பிடிக்கச் சொல்லும்.”